பெட்டியைக் கொன்ற கை

அத்தியாயம் 8

கந்தக மூட்டையைத் தேடிப் போன எங்களுக்கு எலிக்குட்டிகள்தான் அகப்பட்டன.

மலாக்காவில், மெர்லிமா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சுங்கை தெராத்தை தோட்டத்தின் பழைய ஸ்டோர் அது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ரங்கசாமி சாவியைக் கொடுக்கும்போதே முகத்தை உர்ரென்று வைத்திருந்தார். போலீஸ் யாரைப் பிடித்திருந்தாலும் தோட்டம் முழுக்க அவரைத்தான் சந்தேகப்பட்டது, அது அவருக்கும் தெரியும். ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில் இலை நோய்க்குத் தூவ வாங்கிய கந்தகத்தூளில் ஒரு மூட்டை அவருடைய ஸ்டோரில் மிச்சம் இருப்பதாக நேற்றுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. எங்கள் கையில் இருந்த ஒரே துப்பும் அதுதான்.

பாஸ் மூட்டையின் வாயை விலக்கினார். உள்ளே கிழிந்த சாக்கு நாரில் கூடு கட்டி, கண் திறக்காத குட்டிகளோடு ஒரு தாய் எலி எங்களை முறைத்தது. கூட்டுக்கு அடியில் கந்தகம் ஈரத்தில் இறுகிக் கருங்கல்லாகக் கிடந்தது. நான் ஒரு கம்பியால் குத்திப் பார்த்தேன். கம்பிதான் வளைந்தது.

"பல வருஷமா யாரும் இதத் தொடல" என்றார் பாஸ்.

"நல்ல வக்கீலு வச்சிருக்கீங்க கிராணி" என்றேன் ரங்கசாமியிடம். "எலி மட்டும் இங்க குடி வரலன்னா இன்னிக்கு உங்கள வச்சி செஞ்சிருப்போம் லா."

அவர் சிரிக்கவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

பாஸ் என்று நான் சொல்வது விஜயராணியை. பாயா ரும்புட்டில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். வயது ஐம்பது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து, எதையும் இரண்டு முறை பார்க்கும் கண் அவருக்கு. நான் புவனேஷ். கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, அடி விழுந்தால் முதலில் வாங்கிக்கொள்வது ஆகியவை என் வேலை. வாய் மட்டும் என் சொந்த முதலீடு.

போன வாரம் எங்கள் ஆபீசுக்கு ஒரு பெண்மணி வந்தார். பெயர் பெரியநாயகி, நாற்பத்தைந்து வயது இருக்கும். படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். கால் மெட்டி கன்னங்கரேலென்று இருந்தது. இரும்பில் மெட்டி செய்து போடுகிற கட்சிக்காரரிடம் ஃபீஸ் எப்படிக் கேட்பது என்று எனக்குள் ஒரு நக்கல் ஓடியது. அவர் சொன்னதைக் கேட்ட பிறகு நக்கல் ஓய்ந்தது. அவருடைய கணவர் காளிதாஸ் லாக்கப்பில் இருந்தார். தோட்டத்து வீடுகளுக்குக் கரண்டு கொடுத்த பெட்டியை நாசம் செய்தது நான்தான் என்று போலீசிடம் தானாகவே ஒத்துக்கொண்டிருந்தார்.

"அவரு செஞ்சிருக்க மாட்டாரு" என்றார் பெரியநாயகி. "செஞ்சவன் யாருன்னு கண்டுபிடிச்சிக் குடுங்க. மூஞ்சியப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேக்கணும். எங்க வெளிச்சம் ஒனக்கு என்னா செஞ்சிச்சின்னு."

இன்று மத்தியானம் ஜாசின் கோர்ட்டில் காளிதாசை நிறுத்தப் போகிறார்கள். கையில் எங்களுக்கு இருந்தது ஓர் எலிக்கூடு.

அந்தப் பெட்டியைப் பற்றி எனக்குப் புரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். சுங்கை தெராத்தையில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். வெட்டிய மரம் மலையாகக் குவிந்தது. ஒரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வந்து அந்த விறகுக்கு ஓர் அடுப்பு கட்டினார். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை காளிதாசுக்கு. அதில் விறகை முழுசாக எரிய விடமாட்டார்கள். காற்றைக் குறைத்துப் புழுங்க வைத்தால் விறகு வாயுவாக மாறும். அந்த வாயுவைச் சுத்தம் செய்து பெட்டிக்குள் அனுப்பினால், அங்கே அது நெருப்பே இல்லாமல் காற்றோடு சேர்ந்து கரண்டைக் கொடுக்கும். விறகை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சக்கரம் சுற்றுவதை விட, அதே விறகில் இரண்டு பங்கு கரண்டு வரும் என்பார் பேராசிரியர். பெட்டி விடுகிற சூட்டில் அடுத்த விறகைக் காய வைத்துக்கொள்ளலாம். பகலில் வரும் கரண்டு பேட்டரியில் சேர்ந்து ராத்திரி விளக்குக்கு ஆகும். எதுவும் வீண் கிடையாது. அவர் அதை எரிபொருள் கலம் என்பார். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு அது வெறும் பெட்டி.

தோட்டத்துக்கு வேண்டாத மரமும் தோட்டத்துக்கு வேண்டாத ஆட்களும் சேர்ந்து ஒரு வருடம் விளக்கு எரித்தார்கள். அந்தத் தைரியத்தில் பழைய ஜெனரேட்டரைக்கூட விற்றுவிட்டார்கள். பெட்டி ஓடுகிற வரைக்கும் லயத்தை இடிக்க மாட்டோம் என்று நிர்வாகமும் வாக்குக் கொடுத்திருந்தது. இந்த வருடம், தொண்ணூற்றேழில், தீபாவளி முடிந்த சில நாட்களில் பெட்டி மெல்லச் சோர்ந்து செத்துப்போனது. பேராசிரியர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கந்தகம்தான் கொன்றிருக்கிறது என்றார். விறகில் இருக்கிற இத்தனூண்டு கந்தகத்தைப் பிடிக்க வழியில் ஒரு வடிகட்டி உண்டு. அது தாங்காத அளவுக்கு யாரோ கொட்டியிருக்கிறார்கள் என்றார். ரிங்கிட் விழுந்து கிடக்கிற நேரத்தில் வெளிநாட்டுக் கம்பெனி இன்னொரு பெட்டி அனுப்பாது என்பதையும் அவரே சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டோரிலிருந்து நாங்கள் அடுப்புக் கொட்டகைக்கு நடந்தோம். பெரியநாயகியின் பக்கத்து வீட்டு மங்களம்தான் கொட்டகையைக் கூட்டிப் பெருக்குபவர், அவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே அடுப்பு ஓர் இரும்புத் தொட்டியாக நின்றது. பெட்டி அதற்கு அப்பால், தார்பாய் போர்த்திக் கிடந்தது. பிணத்தைப் பார்ப்பது போல மங்களம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அடுப்பின் வாய்க்கு நேர் மேலே சுவரில் ஒரு பலகை அடித்து முருகன் படமும் சிறிய வேல் ஒன்றும் வைத்திருந்தார்கள்.

"சாமிக்கு இரும்பு வேலா?" என்றேன்.

"வெள்ளிப்பா அது" என்றார் மங்களம், கோபமாக. "தீபாவளிக்கு மொத நாளு நாந்தான் திருநூறு போட்டுத் தேச்சி வச்சேன். கண்ணாடி மாரி இருந்துச்சி. ஏன் இப்டிக் கறுத்துச்சின்னு எனக்கே தெரியல."

பாஸ் அந்த வேலைக் கையில் எடுத்து நகத்தால் சுரண்டினார். கறுப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தது.

"ஜெரெபு பாஸ்" என்றேன். "சுமத்ரா காடு எரிஞ்ச பொகையில என் மோட்டர் சைக்கிளே கறுத்துப் போச்சி. முருகன் மட்டும் தப்பிக்க முடியுமா?"

"ஜெரெபு தீபாவளிக்கு முந்தியே மழையில போயிருச்சி. இது அதுக்கப்புறம் கறுத்திருக்கு." அடுப்புப் பக்கத்திலிருந்து கூரைக்குப் போகிற ஒரு குழாயைக் காட்டினார். காலையில் அடுப்பைப் பற்ற வைத்ததும் முதலில் வருகிற அழுக்கு வாயுவை வடிகட்டிக்குப் போகாமல் அந்த வழியாக வெளியே விடுவார்கள். குழாயின் இணைப்பில் கசிவு, இணைப்பைச் சுற்றிலும் புகைக்கறை. "கந்தக வாயு பட்டா வெள்ளி கறுக்கும். பெட்டியும் சாவும். பெட்டியும் முருகனும் ஒரே மூச்ச இழுத்திருக்காங்க, புவனேஷ்."

எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. வடிகட்டிக்கு முன்னாலேயே கந்தகம் இருந்திருக்கிறது என்றால், அது அடுப்பு வாய் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். பாஸ் இன்னொன்றும் சொன்னார். ஒரு நாள் புகையில் இத்தனை கறுப்பு ஏறாது. தினமும், ஒவ்வொரு காலையும் இது நடந்திருக்கிறது. தினமும் காலையில் இங்கே வந்து நின்ற ஒருவர் செய்த வேலை.

"அந்த ஆளு மேல வெள்ளி இருந்தா அதுவும் இதே கலருலதான் இருக்கும்" என்றார்.

"ஆம்பளைங்க எங்க பாஸ் வெள்ளி போடுறாங்க?"

"அதான்" என்றார் பாஸ்.

லயத்தில் மெட்டி போடாத கல்யாணமான பெண் கிடையாது. பாஸ் வீடு வீடாகப் போனார். மகளுக்கு மெட்டி வாங்க வேண்டும், டிசைன் பார்க்கிறேன் என்று எல்லோருடைய காலையும் பார்த்தார். நான் தள்ளியே நின்றேன். நான் குனிந்து பார்த்தால் செருப்பு அவர்கள் காலில் இருக்காது, என் கன்னத்தில் இருக்கும். தீபாவளிக்குத் தேய்த்த வெள்ளி எல்லோர் காலிலும் பளபளத்தது. மங்களத்தின் மெட்டிகூட அதிகம் மங்கவில்லை. அடுப்பு அணைந்த பிறகு சாயங்காலம்தான் அவர் கொட்டகைப் பக்கம் போவாராம்.

கடைசி வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆபீஸ் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த அந்தக் கால்கள் நினைவுக்கு வந்தன. பாஸைப் பார்த்தேன். அவர் எனக்கு முன்பே அந்த முடிவுக்கு வந்திருந்தார். அன்றைக்கு நான் அடித்துக்கொண்ட நக்கலை நினைத்து எனக்கே கூசியது.

பெரியநாயகி வாசலுக்கே வந்து எங்களை உள்ளே அழைத்தார். பாஸின் பார்வை ஒரு நொடி அவருடைய காலில் நின்றது. மெட்டி கன்னங்கரேலென்று அப்படியே இருந்தது. தேத்தண்ணி போடுகிறேன், குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவர் பின்கட்டு அடுப்பங்கரைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். விறகு மழையில் நனைந்திருந்தது. அவர் மூலையில் இருந்த டின்னுக்குப் பின்னால் கையை விட்டு, நீளமாக அறுத்த கறுப்புத் துண்டு ஒன்றை எடுத்தார். தீக்குச்சியைக் கிழித்து அதில் வைத்ததும் அது கரும்புகையோடு சடசடவென்று பிடித்தது. விறகுக்கு அடியில் செருகினார். ரப்பர் கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது.

"மழையில வெறகு புடிக்காதுக்கா" என்றார் பாஸிடம். "பால்மரம் இருந்தப்ப, மரத்துல ஒட்டிக் காஞ்ச ஒட்டுப்பாலு ஒரு துண்டு வச்சா போதும், பத்திக்கும். செம்பனையில ஏது ஒட்டுப்பாலு? இப்ப எல்லா வூட்லயும் லோரி டயருதான்."

பாஸ் மெதுவாகக் கேட்டார். "அங்க, பெட்டி அடுப்ப யாரு பத்த வைப்பா?"

பெரியநாயகியின் முகத்தில் ஒரு வெட்கம் கலந்த பெருமை வந்தது. அது நாங்கள் அதுவரை அவரிடம் பார்க்காத முகம். அவருக்குப் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. அதனால் லயத்தில் நல்லது கெட்டது என்றால் அவரை முன்னால் நிற்க விடமாட்டார்கள். கொட்டகை திறந்த அன்று பேராசிரியரும் மானேஜரும் மாறி மாறிப் பற்ற வைத்தும் அடுப்பு பிடிக்கவில்லை. காளிதாஸ் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற தன் மனைவியைக் கூப்பிட்டுத் தீப்பெட்டியைக் கையில் கொடுத்தார். முதல் குச்சியிலேயே பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து நாயகிக்குக் கைராசி என்று பெயர். புது வீட்டுப் பால் காய்ச்சவும், கல்யாண அடுப்பு மூட்டவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று கொட்டகையில் போர்டு தொங்கியது. நீ வெளியாளா என்று கேட்டுக் காளிதாஸ் தினமும் விடிகாலையில் அவரையே அழைத்துப் போய் மூட்டச் சொன்னார்.

"தீபாவளி முடிஞ்சதும் அடச்ச மழைக்கா. அங்கயும் வெறகு புடிக்கல. என் கை பட்டும் புடிக்கலன்னா நாலு பேரு என்னா சொல்லுவாங்க? இதுல ஒரு வாளி கொண்டு போயி அடியில போட்டுருவேன். அவரு அந்தப் பக்கம் சாம்பலு அள்ளிக்கிட்டிருப்பாரு, பாக்க மாட்டாரு." அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தார். "பால்மரத்தயே திங்கிற அடுப்பு. அதுக்கு ரப்பரு ஆகாமப் போயிருமா?"

பாஸ் விறகுக்கு அடியில் கருகும் டயர் துண்டையே பார்த்தார். நானும்தான்.

தேயை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பெரியநாயகி உட்கார்ந்தார். "செஞ்சவன் கை வெளங்காமப் போகணும்னு கோயில் வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டு வந்திருக்கேன். மாரியாத்தா வுட மாட்டா. நீங்களும் வுட்றாதீங்கக்கா."

பாஸ் தேயில் வாய் வைக்கவில்லை. எழுந்திருக்கும்போது டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு டயர் துண்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பெரியநாயகி அதைப் பார்த்தார். எதற்கு என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டார்.

காரில் ஏறியதும் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். மரமாக அடுப்புக்குள் போனபோது ஒன்றும் செய்யாத ரப்பர், டயராக வந்தால் மட்டும் எப்படி விஷமாகிறது என்று கேட்டேன். பாஸின் அப்பா மலாக்கா டவுனில் பழைய டயருக்குப் புதுப் பட்டை ஒட்டுகிற கடையில் வேலை செய்தவர். மரத்திலிருந்து வருகிற பாலில் கந்தகம் கிடையாது, அதைக் கந்தகம் சேர்த்து வேக வைத்தால்தான் டயர் ஆகும் என்றார் பாஸ். ஒட்டுப்பாலை எத்தனை வாளி போட்டிருந்தாலும் பெட்டி பிழைத்திருக்கும். வீட்டு அடுப்பில் வைக்கிற ஒரு துண்டு காற்றில் எரிந்து போய்விடும், இங்கேயோ தினமும் ஒரு வாளி காற்றில்லாமல் புழுங்கியிருக்கிறது. டயரைப் போடப் போட, வடிகட்டி சில நாள் தாங்கியது. நிரம்பியதும் எல்லாம் பெட்டிக்குள் போனது.

"அப்ப இது யாரும் செஞ்ச குத்தம் இல்ல பாஸ். ஒரு எசகேடு. கோர்ட்ல சொன்னா காளிதாஸண்ணன வுட்ருவாங்க."

"வுட்ருவாங்க. வூட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட என்னா சொல்லுவாரு?"

வேண்டுமானால் பொய் சொல்லுவோம், ஜெரெபு மேலே பழியைப் போட்டுவிடுவோம் என்றேன். சுமத்ராவிலிருந்து யாரும் வந்து மறுக்கப் போவதில்லை. பாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோர்ட் வராந்தாவில், போலீஸ்காரர் பக்கத்தில் காளிதாஸ் உட்கார்ந்திருந்தார். ரப்பர் புகைக்கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர். விரல் இடுக்கெல்லாம் இன்னும் கரி. பாஸ் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து டயர் துண்டை மட்டும் காட்டினார்.

அவர் அதைப் பார்த்த விதத்திலேயே அவருக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்தது.

"எங்க எடுத்தீங்க?"

"உங்க அடுப்படியில."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பெட்டி செத்த அன்று சாம்பலைக் கிளறியபோதுதான் டயர்க் கம்பி கண்ணில் பட்டதாம். எல்லாவற்றையும் பொறுக்கி ஆற்றில் எறிந்துவிட்டார். அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. நான் கவனிக்காமல் தப்பு செய்துவிட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். என்ன தப்பு, எதைப் போட்டாய் என்று அடுக்கடுக்காகக் கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. நிர்வாகத்து மேல் இருந்த கோபத்தில் வேண்டுமென்றே செய்தேன் என்று கடைசியில் சொல்லிவிட்டார். கேள்வி அதோடு நின்றது.

"இது விபத்துண்ணே. உள்ளதச் சொன்னா இன்னிக்கே வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

"போயி?" என்றார் காளிதாஸ். "இந்த ஒரு வருஷமாத்தான் தம்பி அவ தல நிமிந்து நடந்தா. லயத்துல வெளிச்சம் செத்ததே ஒன்னாலதான்னு நான் போயி அவகிட்ட சொல்லணுமா?" பாஸ் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "பாக்க வந்தப்ப சொன்னா ராணிம்மா, மண்ண வாரித் தூத்திட்டாளாம். தெரியாம அவ கையவே அவ சபிச்சிட்டா. நாந்தான் செஞ்சேன்னு இருந்தா, அந்தச் சாபம் என் கைக்கு வந்துரும்ல?"

பாஸுக்கு அழுகை வந்து நான் பார்த்ததில்லை. அன்றும் வரவில்லை. ஆனால் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். பிறகு டயர் துண்டோடு போலீஸ் தரப்பு அதிகாரியிடம் போனார். அவர் மரியாதையாகவே கேட்டார். செய்தவனே ஒத்துக்கொள்கிறான், நீங்கள் ஒரு கறுத்த வேலையும் ஒரு டயர் துண்டையும் கொண்டு வருகிறீர்கள் என்றார். வடிகட்டியில் இருந்ததை எல்லாம் எடுத்துச் சோதிக்கலாமே என்றார் பாஸ். அது போன வாரமே குழி தோண்டிப் புதைக்கப்பட்டுவிட்டது.

கேஸ் எண்ணைக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் மலாய் மொழியில் கேட்டார். பாஸ் எழுந்து நின்றுவிட்டார். காளிதாஸ் திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. பாஸ் உட்கார்ந்தார்.

"சாலா, புவான்" என்றார் காளிதாஸ். தப்புதான், அம்மா.

எட்டு மாதம் கொடுத்தார்கள். எங்கள் தொழிலில் குற்றவாளியைக் கண்டுபிடித்த அன்று நானும் பாஸும் கோப்பிக் கடைக்குப் போவது வழக்கம். அன்று நேராகக் காருக்குப் போனோம். வழியெல்லாம் செம்பனை, மழைத் தூறல். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பாஸ் எதிர்பார்த்திருக்கலாம். என் வாய் அன்றைக்குச் செத்துக் கிடந்தது.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. லயத்து முனையில் பெரியநாயகி நின்றிருந்தார். கோர்ட்டுக்கு வரக்கூடாது என்று காளிதாஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்ததால், காலையிலிருந்து அங்கேயே நிற்கிறார் போலிருந்தது. பாஸ் காரை விட்டு இறங்கினார்.

"எவ்ளோ காலம்?"

"எட்டு மாசம்."

பெரியநாயகி தலையை ஆட்டினார். பாஸ் ஜெரெபு கதையை ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மூச்சை இழுத்ததைப் பார்த்தேன். ஆனால் பெரியநாயகி முந்திக்கொண்டார்.

"அந்த டயரு துண்டு உங்க பையிலதான இருக்கு?"

பாஸின் கை பையின் மேல் போனது.

"எல்லாரு காலயும் பாத்தீங்களாம். என் காலப் பாத்ததும் நிறுத்திட்டீங்க. கொட்டகையில இருக்குற வேலும் இதே மாரி கறுத்திருக்குன்னு மங்களம் சொன்னா." அவர் குனிந்து தன் மெட்டியைப் பார்த்தார். "நீங்க போனதுலருந்து இங்கதான் நின்னு யோசிச்சிக்கிட்டிருந்தேன். படிக்காதவதான். ஆனா ஒன்னோட ஒன்ன சேத்துப் பாக்கத் தெரியும்."

"நாயகி" என்றார் பாஸ்.

"அவருக்குத் தெரியுமா?"

பாஸ் கட்சிக்காரரிடம் பொய் சொன்னதில்லை. "தெரியும்."

பெரியநாயகி அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த ஒரே ஒரு கேள்வியை இனி அவர் யாருடைய முகத்தைப் பார்த்துக் கேட்பார்? மேல்முறையீடு என்று பாஸ் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, உள்ளதைச் சொன்னார். தானே ஒப்புக்கொண்டவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தண்டனை கொஞ்சம் குறையலாம், குறையாமலும் போகலாம். வேண்டுமானால் நாளைக்கே காளிதாசைப் பார்த்து, உங்கள் மனைவிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்கிறேன் என்றார்.

"வேணாம்க்கா" என்றார் பெரியநாயகி. "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவே வேணாம். எட்டு மாசம் குடுத்து அத வாங்கியிருக்காரு. அதயும் நாம புடுங்கிக்க வேணாம்."

அப்போது லயத்துப் பக்கமிருந்து மங்களம் வந்தார். பின்னால் இன்னும் சில பெண்கள். கையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, புதுசு. பெட்டி செத்ததிலிருந்து லயம் இருட்டில் கிடந்தது. நடுவில் மாட்டி வைக்கலாம் என்று எல்லோருமாகச் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். காளிதாசுக்கு என்ன ஆயிற்று என்று மங்களம் கேட்டார், பாஸ் சொன்னார். மங்களம் மூக்கைச் சிந்திக்கொண்டு பெரியநாயகியின் தோளைத் தடவினார். பிறகு தீப்பெட்டியை நீட்டினார்.

"மொத மொத ஏத்துறோம். ஒங் கையால ஏத்திக் குடு நாயகி. இதுவாவது நெலச்சி நிக்கட்டும்."

பெரியநாயகி வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

தீப்பெட்டி அப்படியே நீட்டியபடி இருந்தது. எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. நானே போய் வாங்கினேன். ஈரத்தில் நமுத்த குச்சி, கிழித்தேன், பிடிக்கவில்லை. இன்னொன்றைக் கிழித்தேன். அதுவும் புகைந்து அணைந்தது.

"ஒனக்குக் கைராசி இல்லப்பா" என்றார் மங்களம், பாசமாகத்தான். "அவகிட்ட குடு."

பெரியநாயகி கையை வெளியே எடுக்கவில்லை.